தலையணை உறைக்குள் ஒரு ஜெர்மன் சீஸ்

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற ஒரு சுழல்கொடி இருந்தது. துணி கிழிந்த குடை மாதிரி நாலு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும். காற்று அடித்தால் உடுப்புகளோடு சேர்ந்து தானும் சுற்றும். எழுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, அந்தக் கொடியில் என் கணவரின் சேர்ட்டுகளுக்கு நடுவே ஒரு தலையணை உறை கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கீழே பக்கத்து வீட்டு நாய் வாயைத் திறந்தபடி நின்றது. கொடி சுற்றச் சுற்ற நாயும் சுற்றியது.

என் கணவர் பின்கதவைத் திறந்து பார்த்தார். அவர் கட்டடங்களுக்குப் படம் வரைகிற கந்தோரில் வேலை செய்தவர். எந்தப் பொருளையும் மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"இஞ்சேரப்பா, அந்தத் தலையணைக்கு என்ன கவலை? ஏன் அழுகுது?"

"அது தலையணை இல்லை. தயிர்."

"தயிர் ஏன் கொடியிலை?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை மாமி ஜெர்மனியிலையிருந்து வாறா."

இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. உங்களுக்கும் போதாது என்று நினைக்கிறேன், ஆகவே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். வைக்கோல் நிறத் தலைமுடி, முழங்கை வரைக்கும் மாநிறப் புள்ளிகள், சப்பாத்துக் கடையில் வேலை. எனக்கு ஒரு ஏழெட்டு வயது இளையவள். கட்டினது ஒரு ஜெர்மன்காரனை. அவன் சின்ன வயதில் கப்பலேறி வந்து, இங்கே இரும்பு வேலை பழகியவன். ஆள் கதவு உயரம், குரல் மட்டும் பூனைக்குட்டியுடையது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மரவேலி. அந்த வேலிதான் எங்களுக்குப் பேப்பர், ரேடியோ, கோயில் எல்லாம். அவள் பேசியது அவளுடைய ஆங்கிலம். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன். அவள் என்னை 'லவ்' என்று கூப்பிடுவாள். அதை மட்டும் மொழிபெயர்க்க எனக்குத் துணிவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வாயிலிருந்து பழமொழி விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சத்தை ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன். இந்தப் பிள்ளை அதற்கு ஒரு சுரங்கம். எப்படியிருக்கிறாய் என்று கேட்டால், "தண்ணி குடிக்கிற ஓணான் மாதிரி ஓய்வில்லாமல் இருக்கிறன்" என்பாள். ஓணான் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை என்றாள். ஆனாலும் அந்தப் பழமொழியை நான் வேலை செய்த தொழிற்சாலையில் பலமுறை செலவழித்திருக்கிறேன்.

அவளுடைய மாமிதான் இந்தக் கதையின் சூறாவளி. மகன் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியது அந்த மனுசிக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரவில்லை. படம் அனுப்பினார்கள், 'கேக் அழகாக இருக்கிறது' என்று மட்டும் பதில் வந்ததாம். மணப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. நத்தாருக்கு நத்தார், அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஒரு பொதி வரும், மகனுக்குக் கம்பளிக் கையுறை. சிட்னி மார்கழி வெயிலில் அவன் அதைப் போட்டுக்கொண்டு இறைச்சி வாட்டுவான்.

அப்படிப்பட்ட அம்மாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அந்தக் கதவு உயர மனிதன் ஒரு காரியம் செய்துவிட்டான். தன் மனைவி கொஹ்கேஸ கிண்டப் பழகிவிட்டாள், அதுவும் அம்மாவுடையதைவிட ருசியாகக் கிண்டுகிறாள் என்று எழுதிப் போட்டுவிட்டான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள் நம் ஆட்கள். இவன் கலியாணத்தை முடித்துவிட்டு ஒரே ஒரு பொய் சொன்னான். அந்த ஒன்று ஆயிரத்துக்குச் சமன். உடனே பதில் வந்தது. நத்தார் முடிந்த கையோடு வருகிறேன், வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று.

கொஹ்கேஸ என்றால் 'சமைத்த சீஸ்' என்று அர்த்தமாம். பாண் துண்டில் பட்டர் மாதிரிப் பூசுகிற சாமான். அந்த ஜெர்மன்காரனின் ஊரில் வீட்டுக்கு வீடு செய்வார்கள். பாலைப் புளிக்கவைத்துத் தண்ணீரை வடித்து, வருகிற கட்டியை உதிர்த்து, துணியால் மூடி வெக்கையான இடத்தில் வைத்துவிட வேண்டும். சில நாளில் அது மஞ்சளாகி, பளிங்கு மாதிரி மினுங்கி, நாற ஆரம்பிக்கும். நாறினால்தான் பதம். பிறகு பட்டர், கொஞ்சம் பால், உப்பு, நாங்கள் அப்பத்துக்குப் போடுகிற அதே அப்பச்சோடா எல்லாம் சேர்த்து மெல்லிய நெருப்பில் உருக்கினால் தேன்போல இழுபடுகிற ஒரு பசை வரும். பெருஞ்சீரகத்துக்குத் தங்கச்சி முறையான ஒரு வளைந்த விதையைத் தூவி ஆறவிட வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவையும் அவன் மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த வயதில் பார்த்ததாகச் சொன்னான். மேசைக்குக் கீழேயிருந்து பார்த்தவனுக்கு மேசைக்கு மேலே நடந்தது எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளை முதலில் தானே முயன்று பார்த்தாள். புருசனின் ஊரில் பாலைச் சும்மா சன்னலில் வைத்தால் தானாகவே உறைந்துவிடுமாம். இங்கே பால்காரன் விடியற்காலையில் வாசலில் வைத்துவிட்டுப் போகிற போத்தல் பால் அப்படிப்பட்ட நல்ல குணமுள்ளது அல்ல. அது உறையவில்லை. கசந்து கெட்டுப்போனது. அப்போதுதான் அவள் கண், எங்கள் வீட்டு வெந்நீர்த் தாங்கியின்மேல் துவாயால் சுற்றி வைத்திருந்த சட்டியில் விழுந்தது.

தயிர் விஷயத்தில் எனக்கு அந்தத் தெருவில் நல்ல பெயர். கடைகளில் பழமும் சீனியும் போட்ட தயிர்தான் கிடைத்த காலம். லெபனான்காரரின் பலசரக்குக் கடையில் ஒருதரம் வாங்கிய புளித்தயிரில் ஒரு கரண்டியை உறைமோராக, எங்கள் பேச்சில் பிரையாக, வைத்து, அதிலிருந்து பிறந்ததைப் பிறகு பிரை வைத்து, வம்சம் அறாமல் காப்பாற்றி வந்தேன். பாலை எனக்குத் தந்தால் அது மறுநாள் தயிர். இதில் என்ன கஷ்டம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், தயிர் என் பொறுப்பு, கிண்டுவது உன் பொறுப்பு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் முழங்கால் வரை விட்டுவிட்டேன்.

"அவ வாற அண்டைக்கு மேசையிலை அது இருக்கவேணும், லவ்," என்றாள் பிள்ளை. வேலியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டுதான் சொன்னாள். "இல்லையெண்டால், அந்த மனுசிக்கு நான் எப்பவும் தன்ரை மகன்ரை வீட்டிலை வாடகைக்கு இருக்கிற ஒருத்திதான்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சீஸ், சீஸாகத் தெரியவில்லை.

நான் வேலை செய்தது தலையணை உறை தைக்கிற தொழிற்சாலையில். தையல் கோணினவற்றை எங்களுக்கே தந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒன்றில்தான் என் தயிரை ஊற்றி, வாயைக் கட்டி, கொடியில் தொங்கவிட்டேன். அதைத்தான் என் கணவர் பார்த்தார்.

வடித்த கட்டியை எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பீங்கான் கோப்பையில் போட்டு மூடி வைத்தேன். அவர்கள் வீட்டில் வைக்க முடியாது, நாய் விடாது. நல்ல வெக்கை. தகரக்கூரை. இரண்டொரு நாளிலேயே அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. நான் கணவரிடம் விபரம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, சந்தர்ப்பம் வரவில்லை. அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். வீட்டுக்குக் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது, பொசமாக இருக்கும் என்று தீர்மானித்தார். பொசம் என்பது இந்த ஊரில் கூரைக்குள் குடியிருக்கும் ஒரு பெரிய எலி மாதிரிப் பிராணி. பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு, ரோச் லைற்றோடு வீட்டின் அடித்தளத்துக்குள் வயிற்றால் ஊர்ந்து போனார். நான் மேலே நின்று குசினித் தரையில் அவர் நகர்வதைச் சத்தத்தால் பின்தொடர்ந்தேன். வெளியே வந்தபோது தலையில் சிலந்திவலை.

"ஒண்டும் இல்லை. ஆனால் கிட்டத்திலைதான் எங்கையோ கிடக்கு."

"தோய்க்கிற அறையிலை கோப்பைக்குள்ளை கிடக்கு," என்றேன்.

அவர் போய், மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. பிறகு வந்து கதிரையில் இருந்து, இதைத் தின்ன ஒருத்தி ஜெர்மனியிலிருந்து பிளேன் ஏறி வருகிறாளா என்று கேட்டார். கருவாடு பொரிக்கிற வீட்டில் பிறந்தவருக்கு இவ்வளவு நாசூக்கு ஆகாது என்று சொன்னேன். கருவாடு செத்தபிறகுதான் நாறும், இது உயிரோடு நாறுகிறது என்றார். அன்றைக்கு அவர் வென்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் கிண்டல் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த கிழமை, அவளுடைய குசினியில். ஜெர்மன்காரன் அடுப்புக்குப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்லக் காத்திருந்தான். பட்டர் உருகியது, சோடா நுரைத்தது, எல்லாம் அவன் சொன்னபடி. சீஸ் மட்டும் உருகவில்லை. குறுணி குறுணியாகப் பிரிந்து, தண்ணீர் ஒருபக்கம், மணல் ஒருபக்கம். ரவைக்கஞ்சியைக் கெடுத்தால் எப்படி வருமோ அப்படி. அவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, நெடுநேரம் மென்றான். பசையை ஏன் மெல்ல வேண்டும்? அதுவே தீர்ப்பு.

நெருப்புக் கூடிவிட்டது என்றான். சரி, அடுத்தமுறை நெருப்பைக் குறைத்தோம். மறுபடியும் ரவை. சட்டி சரியில்லை என்றான். எனாமல் சட்டி வாங்கினாள். ரவை. சோடா பழசு என்று நான் சொன்னேன், புதுசு வாங்கினோம். இன்னும் நாறவிட வேண்டும் என்று அவன் சொன்னான். நாறவிட்டோம், என் கணவர் அந்தக் கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வரவில்லை. ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல் என்ற பழமொழியை நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்தாள். அதற்கு அடுத்த ரவைக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை.

ஒவ்வொருமுறையும் அவள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள். பாலை என்ன செய்தாய்? நானும் ஒரே பதிலைச் சொல்வேன். பாலை ஒன்றும் செய்யவில்லை, பிரை ஊற்றினேன், மூடினேன், விட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் செய்தேன் என்று நம்பினேன். அன்றைக்கு நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நத்தார் நெருங்க, அவள் பேச்சுக் குறைந்தது. வேலிக்கு வருவாள், உடுப்பை எடுப்பாள், போவாள். ஓணான் பற்றி ஒரு சொல் இல்லை. ஜெர்மன்காரன் பயந்துபோய் ஒரு வழி கண்டுபிடித்தான். கடையில் போத்தலில் விற்கிற பூச்சுச் சீஸை வாங்கி, அதில் இரண்டு விதையைத் தூவிவிட்டால் அம்மாவுக்குப் பயணக் களைப்பில் தெரியாது என்றான். அவன் வேலியோரம் மெதுவாகத்தான் சொன்னான். அவளுடைய பதில் எங்கள் முன்வாசலுக்கே கேட்டது.

"பொய்யை நீ சொன்னாய். அதைக் கோப்பையிலை போட்டுப் பரிமாற என்னாலை ஏலாது."

நான் உள்ளே வந்து கணவரிடம் சொன்னேன், இந்தப் பிள்ளைக்காகவாவது அந்தச் சனியன் உருக வேண்டும் என்று. அவர் பேப்பரைத் தாழ்த்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "உருகட்டும். நானும் நேர்த்தி வைக்கிறன்," என்றார்.

அப்போது பார்த்து எங்கள் தொழிற்சாலையில் மேலதிக வேலை வந்துவிட்டது. நத்தாருக்கு எல்லோரும் புதுத் தலையணையில் படுக்க வேண்டுமாம். சனி ஞாயிறும் போக வேண்டியிருந்தது. கடைசிமுறைக்குத் தயிர் வைக்க எனக்கு நேரமில்லை. ஒரு கிளாஸில் பிரையை எடுத்து வேலிக்கு மேலால் அவளிடம் கொடுத்தேன். பெரிய வேலை இல்லை, ஊற்று, மூடு, வெக்கையில் விடு என்று மட்டும் சொன்னேன். அவள் அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். தானே செய்தால் கெட்டுப்போகும் என்றாள். கெட்டுப்போனால்தானே சீஸ் என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு நான் வேலையில் மூழ்கிவிட்டேன். தயிர் உறைந்ததா, வடிந்ததா, நாறியதா ஒன்றும் தெரியாது. அவர்கள் கராஜில் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நாயை நாங்கள்தான் எங்கள் வளவில் கட்டியிருந்தோம்.

நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் வேலை விட்டு வருகிறேன், வேலியில் அவள் நிற்கிறாள். கையில் எனாமல் சட்டி, மற்றக் கையில் மரக்கரண்டி. கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் தூக்கினாள். கரண்டியிலிருந்து சட்டிவரை ஒரு மஞ்சள் இழை. மேலே தூக்கத் தூக்க நீண்டது. அவள் கையை உயர்த்திக்கொண்டே போனாள், தோளுக்கு மேல், தலைக்கு மேல். இழை அறவில்லை. மினுமினுவென்று, கெட்டித் தேன் மாதிரி.

நான் கைப்பையைப் புல்லில் போட்டுவிட்டுக் கேட்டேன், எப்படியடி?

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதே நெருப்பு. அதே சட்டி. அதே சோடா. அதே விதை. நாறியது மட்டும் கொஞ்சம் கூடவாம். அது என் வீட்டிலும் குறைவில்லை. எனக்கு விளங்கவில்லை. தையல் வேலை செய்கிற பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் நூலின் நுனியிலிருந்து தேட வேண்டும். நானும் நுனிக்குப் போனேன்.

"பாலைக் காய்ச்சி எவ்வளவு நேரம் ஆறவிட்டனி?"

"காய்ச்சிறதோ?"

"ஓம், பாலைக் காய்ச்சினாப் பிறகு."

"ஏன் காய்ச்சவேணும்? போத்தலைத் திறந்து ஆடையை வழிச்சுப்போட்டு ஊத்தினனான். நீ காய்ச்சச் சொல்லேல்லையே."

"பச்சைப் பாலிலையோ பிரை விட்டனி?"

என் குரலைக் கேட்டு என் கணவரே வெளியே வந்துவிட்டார். அவருக்கும் முகம் சுருங்கியது. நம் ஆட்களில் யார் பாலைக் காய்ச்சாமல் தயிர் வைத்திருக்கிறார்கள்? பால் வந்தால் முதலில் அடுப்பில் ஏறும். அது பொங்கும், இறக்குவோம், பிறகுதான் அதற்குப் பால் என்று பெயர். சோறு எப்படிச் சமைத்தாய் என்று கேட்டால் அரிசியைக் கழுவினேன் என்று யாராவது சொல்வார்களா? நான் ஒவ்வொருமுறையும் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி ஆறவிட்டுத்தான் பிரை ஊற்றினேன். அதை ஒரு வேலையாக என் மனம் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னது பொய்யுமல்ல.

பால் பண்ணையில் வேலை செய்த ஒருவர் பின்னொருநாள் எங்களுக்கு விளக்கம் சொன்னார். நன்றாகக் கொதித்த பாலில் உறைகிற தயிர் கெட்டியாக, வழுவழுப்பாக, சோற்றுக்குத் திறமாக இருக்கும். ஆனால் அது தன் தண்ணீரை இலேசில் விடாது, உருக்கினாலும் உருகாது என்றார். அதாவது, என் தயிரின் அருமைதான் அவர்கள் சீஸுக்குச் சனி. நான் நல்ல தயிர் வைக்க வைக்க அவளுக்கு நல்ல ரவை கிடைத்தது.

நாங்கள் மூவரும் வேலியில் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். சட்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சிரிப்பு. ஒன்றும் தெரியாததால்தான் சரிவந்தது என்று என் வாழ்க்கையில் முதல்தரம் சொல்கிறேன் என்றாள். என் கணவர் விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மறுவிரல். அவருடைய நேர்த்தி பலித்துவிட்டதாம், தன் பங்கைக் கேட்டார்.

மாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய மனுசியாக, மகனைப் போலக் கதவு உயரத்தில் ஒருத்தியை எதிர்பார்த்துப் போனேன். வந்திருந்தது ஒரு சின்ன உருவம். மகனின் கமக்கட்டுக்குக் கீழே நிற்கக்கூடியவள். ஆனால் முகம் இறுகியிருந்தது. காரணத்தை மகன் மெதுவாகச் சொன்னான். அந்த மனுசி, மருமகளின் கொஹ்கேஸவுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதற்காகத் தன் கையால் கிண்டிய ஒரு போத்தலை ஸ்டொக்கிங்ஸில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். பாலில் செய்த சாமான் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். அதற்கு முன்னே போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்த உத்தியோகத்தன் இரண்டடி பின்னால் போனதைத்தான் மனுசியால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே அந்த மேசையில் ஒரு கொஹ்கேஸதான் இருந்தது. மருமகளுடையது. நீலக்கரை போட்ட கோப்பையில், நடுவில்.

மனுசி பாணை எடுத்தாள். பூசினாள். கத்தி கோப்பையிலிருந்து வெளியே வந்தபோது இழை நீண்டது; அதைக் கத்தியைத் திருப்பிச் சுற்றி அறுத்த விதத்தில் அவள் பழகிய கை தெரிந்தது. ஒரு கடி. இரண்டாவது கடி. பிள்ளை மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. என் கணவர் மட்டும் சந்தோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மனுசி மகனைப் பார்க்காமல் மருமகளை நேராகப் பார்த்து ஜெர்மன் மொழியில் ஒரு கேள்வி கேட்டாள். மகன் மொழிபெயர்த்தான். பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல், பதம் வந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கிறா.

அது சாதாரணக் கேள்வி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. இது கடையில் வாங்கியதா, யாரும் கிண்டித் தந்ததா, கையால் செய்ததா என்று பிரித்துப் பார்க்கிற கேள்வி. மகன் ஏதோ சொல்லிக்கொடுக்க வாயெடுத்தான். மனுசி ஒரு விரலைத் தூக்கினாள். அவன் வாய் மூடிக்கொண்டது.

பிள்ளை யோசிக்கவே இல்லை.

"உங்கடை மகன் தன்ரை கதிரையையும் தூக்கிக்கொண்டு வளவுக்குள்ளை போய் இருந்து சாப்பிடத் தொடங்கினால், அண்டைக்குப் பதம்."

மகனின் முகம் செம்பருத்தி ஆனது. இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? கடைசியில் மேசையைப் பார்த்தபடி, சொல் சொல்லாகச் சொன்னான்.

மனுசி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கு முதலில் அழுகிறாள் என்றே பட்டது. பிறகு சத்தம் வந்தது; அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் ஏதேதோ சொன்னாள். தன் புருசன் கொட்டிலுக்குப் போய் மாடுகளோடு இருந்து சாப்பிடுவாராம். முப்பது வருசமாகத் தான் பதம் பார்த்தது அப்படித்தானாம். இதை யாரும் தாளில் எழுதி வைப்பதில்லை, செய்தவளுக்குத்தான் தெரியும் என்றாளாம்.

பிள்ளையின் நகம் என் கையை விட்டது.

அதோடு நிறுத்தினால் அவள் மாமியா? இன்னொரு துண்டு பாணை எடுத்துப் பூசி, கடித்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, உப்புக் குறைவு என்றாள். இதை மகன் பயந்து பயந்து மொழிபெயர்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற ஊரிலிருந்து வந்தவள் நான். ஒரு மாமியின் வாயிலிருந்து ஒரே ஒரு குறை, அதுவும் உப்பு மட்டும் என்றால், அது பட்டமளிப்பு விழா. பிள்ளையின் காதில் அதைச் சொன்னேன்.

அவள் உப்பு எடுக்க எழும்பினாள். மனுசி அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினாள். தானே எழுந்து குசினிக்குள் போனாள். எந்த அலுமாரியில் உப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது. லாச்சி ஒன்று இழுபட்டது, கரண்டிகள் கலகலத்தன. மகன் உதவிக்கு எழும்பப் பார்த்தான். பிள்ளை அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"விடு," என்றாள். "அவவே தேடி எடுக்கட்டும்."